பள்ளிக் கேமரா வகுப்பிலிருந்து முதல் ஆர்டர் வரை

பள்ளியில் டிஜிட்டல் போட்டோகிராஃபி வகுப்போ மன்றமோ இருந்து, அதில் ஒரு வருடம் படித்த மாணவருக்கு என்ன மிஞ்சும்? கேமரா பட்டன்களின் பெயர் மட்டும்தான் என்றால் அது யூடியூபிலேயே கிடைக்கும். ஒரு வேலையை வாங்கி, சொன்ன நேரத்தில், கேட்ட அளவில், பேர் பிழையில்லாமல் கொடுக்கும் பழக்கம் மிஞ்சினால் அதுதான் லாபம். ஸ்டூடியோக்காரர் ஆள் தேடுவதும் பத்திரிகை ஆபீஸ் திரும்பக் கூப்பிடுவதும் இதற்காகத்தான்.

வெள்ளைச் சட்டைப் பாடம்

முதல் சில வாரங்களில் எந்த வகுப்பிலும் இது நடக்கும். சீருடையில் இருக்கும் நண்பனைச் சுவரோரம் நிறுத்தி, கிட்டப் போய், ஆட்டோவில் ஒரு படம் எடுப்பார்கள். திரையில் பார்த்தால் சட்டை சாம்பல் பூத்திருக்கும்.

"சார், என் சட்டை இவ்வளவு அழுக்காவா இருக்கு?"

"சட்டை நல்லாத்தான்பா இருக்கு. மீட்டர்தான் ஏமாந்துபோச்சு."

கேமராவின் மீட்டருக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. எதிரே இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு ஒளியை அளக்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளை என்றால் வெளிச்சத்தைக் குறைக்கும், கறுப்பு என்றால் கூட்டும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வைத்தால் சட்டை வெளுக்கும். கறுப்புக் கோட்டுக்கு -1 வைத்துப் பாருங்கள். அளவு மீறினால் வெள்ளையில் துணியின் மடிப்பே காணாமல் போகும். ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டி நின்றால் அதுதான் எச்சரிக்கை.

இந்தப் பாடம் கல்யாண மண்டபம் வரை கூட வரும். மாப்பிள்ளைக்கு வெள்ளைப் பட்டு வேட்டி, பெண்ணுக்கு அரக்குக் கூறைப்புடவை. இரண்டையும் ஒரே ஃபிரேமில் காப்பாற்ற வேண்டும். தாலி கட்டும் சில நொடிகளில் செட்டிங் தேட நேரமிருக்காது. கெட்டிமேளத்துக்கு முன்பே மணவறை வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்துப் பார்த்து, மேனுவலில் அளவை முடிவு செய்துவிட வேண்டும்.

மண்டபத்திலும் பள்ளி ஆடிட்டோரியத்திலும் இன்னொரு தொல்லை உண்டு: படத்தில் பட்டை பட்டையாக விழும் நிழல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். நம் கண் அதைப் பார்க்காது, வேகமான ஷட்டர் பார்த்துவிடும். 1/100 அல்லது 1/50க்கு இறங்கினால் பெரும்பாலும் பட்டை மறையும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அங்கே தவிர்த்துவிடுங்கள். அந்த வேகத்தில் நடனம் கலங்கிப் போகாதா என்றால், போகும். அதனால்தான் தீர்மானம் (ஜதியின் முத்தாய்ப்பு) முடிந்து நடனமணி அசையாமல் நிற்கும் அந்தக் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆண்டு விழாவை ஆர்டராக நினையுங்கள்

பள்ளி ஆண்டு விழாவுக்குக் கேமராவோடு போகிறீர்களா? தலைமையாசிரியர்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர்.

1. நிகழ்ச்சி நிரலை முந்தின நாளே வாங்குங்கள். குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், பரிசளிப்பு, குரூப் போட்டோ எனத் தவறவே கூடாதவற்றைக் குறித்துவையுங்கள்.

2. வீட்டுக்கு வந்ததும் பேக்கப். மூன்று பிரதிகள், இரண்டு விதச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில் என்பது தொழிலில் உள்ள கணக்கு. அதுவரை மெமரி கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.

3. ஃபோல்டர் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைப் போடுங்கள். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் கால வரிசையில் நிற்கும்.

4. எடுத்ததையெல்லாம் கொடுக்காதீர்கள். ஒரே காட்சிக்கு ஏழு படம் இருந்தால் கண் மூடாத ஒன்றை மட்டும் கொடுங்கள்.

5. படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக, இனிஷியலோடு, அன்றைக்கே எழுதி வாங்குங்கள். மறுநாள் கேட்டால் எல்லாரும் யோசிப்பார்கள்.

பிக்சல் கணக்கு

நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பொதுக் கணக்கு. 6க்கு 4 அங்குலப் படத்துக்கு 1800 × 1200 பிக்சல் போதும். இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 35 × 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு ஏறக்குறைய 413 × 531. கல்யாண ஆல்பத்தில் 12க்கு 36 அங்குலப் பக்கம் விரிந்தால் கணக்கு 10,800 × 3,600க்குப் போய்விடும். 24 மெகாபிக்சல் கேமராவே 6000 × 4000தான் தரும். ஆகவே 'அப்புறம் க்ராப் பண்ணிக்கலாம்' என்று தூரத்தில் நின்று எடுக்கும் பழக்கத்தை வகுப்பிலேயே விட்டுவிடுங்கள். பிரிண்டுக்குப் போகும் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

வேலை எங்கே?

கேமராவைக் கழுத்தில் மாட்டுவது ஒரு வேலைதான். ஆல்பம் டிசைனர், கலர் கரெக்‌ஷன் செய்பவர், வீடியோ எடிட்டர், லைட் அசிஸ்டென்ட் என்று ஸ்டூடியோவுக்குள் வேறு நாற்காலிகளும் உண்டு. திருப்பூர் போன்ற ஊர்களில் ஆன்லைன் விற்பனைக்கான பொருள் படம் தனித் தொழில். அங்கே அழகைவிட நிறம் முக்கியம். திரையில் மெரூனாகத் தெரிந்த பனியன் கைக்குச் சிவப்பாக வந்தால் வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். கிரே கார்டு வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுக்கத் தெரிந்த மாணவருக்கு அங்கே மதிப்பு.

மேலே படிக்க நினைப்பவர்களுக்குக் கல்லூரிகளில் விஸ்காம், சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு, பட்டத்துக்குப் பின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (என்.ஐ.டி.) காந்திநகர் வளாகத்தில் போட்டோகிராஃபி டிசைன் என்று வழிகள் உள்ளன. ட்ரோன் மீது ஆசையா? 2021 ட்ரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழுக்கு 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும்.

உரிமை யாருக்கு?

'நான் எடுத்த படம், என்னுடையது' என்பது எப்போதும் சரியல்ல. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் சொல்லி, காசு வாங்கிக்கொண்டு எடுத்த படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவருக்கே. உங்கள் இன்ஸ்டாகிராமில் போட வேண்டுமானால் ஆர்டர் படிவத்திலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் பொதுவில் போடாதீர்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையை அடையாளம் காட்டும் படத்தை ஊடகத்தில் வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவில் குற்றம். செய்திப் படம் எடுக்க நினைப்பவர் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

போர்ட்ஃபோலியோவில் என்ன வைப்பது?

சூரிய அஸ்தமனமும் பூவும் எல்லாரிடமும் இருக்கும். உங்களுக்கு மட்டுமே கிடைக்கும் ஒன்றைத் தேடுங்கள். தூய்மைப் பணியாளர் வாழ்க்கையைத் தொடர்ந்து படமெடுத்துவரும் எம். பழனி குமார், 2022இல் முதல் தயாநிதா சிங் – பாரி (கிராமப்புற இந்தியா பற்றிய PARI இணையதளம்) ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றவர். சென்னையில் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா கற்றுத் தருகிறார். அந்தப் பிள்ளைகள் தங்கள் அம்மா, அப்பா செய்யும் வேலையைப் படமாக்குகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வேலை நடக்கிறது. அம்மாவின் தையல் மெஷினோ அப்பாவின் ஒர்க்‌ஷாப்போ, தொடக்கம் முதல் முடிவு வரை பன்னிரண்டு படத்தில் சொல்லிப் பாருங்கள். கதை சொல்லத் தெரிந்தவர் என்று ஆல்பத்தைப் புரட்டும்போதே தெரிந்துவிடும்.

எப்போது கதவைத் தட்டுவது?

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் வரும். ஸ்டூடியோக்களில் கூடுதல் ஆள் தேவைப்படும் காலம் அது. லைட் பிடிக்கவும் கார்டு மாற்றவும் போங்கள். தினக்கூலியும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்குமான காசும் எவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள். ஆடி பிறந்தால் கல்யாணம் இருக்காது, தேங்கிய ஆல்பங்கள் இருக்கும். "அண்ணே, டிசைனிங் பக்கத்துல உக்காந்து பாக்கட்டுமா?" என்று கேட்க அதைவிட நல்ல மாதம் கிடையாது.