துபாய் டிக்கெட், சிங்கப்பூர் டிக்கெட்: நேரம் பார்க்கக் கற்போம்



வெளிநாட்டு வேலைக்குப் போகும் கணவருக்கோ மகனுக்கோ விமான டிக்கெட் எடுக்க, குழுவில் கடன் வாங்குபவர்கள் நம்மில் உண்டு. வட்டியை ஒன்றுக்கு இரண்டு முறை கணக்குப் பார்க்கிறோம். டிக்கெட்டை மட்டும் ஏஜெண்டு கொடுத்தபடியே மடித்து வைத்துவிடுகிறோம். அதையும் நாமே படிக்கலாம்.

சென்னைக்கு மேற்கே துபாய், கிழக்கே சிங்கப்பூர். வான்வழியில் இரண்டும் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர்தான். சென்னை - கன்னியாகுமரி தூரத்தைப் போல நான்கு மடங்கு. நேரடி விமானத்தில் சுமார் நாலேகால் மணி நேரப் பயணம். ஆனால் டிக்கெட்டில் அப்படித் தெரியாது. சென்னையில் காலை 10 மணிக்குக் கிளம்பினால், துபாயில் இறங்கும் நேரம் பகல் 12.45 என்றும், சிங்கப்பூரில் மாலை 4.45 என்றும் இருக்கும். "ஒண்ணுக்கு ரெண்டே முக்கால், இன்னொண்ணுக்கு ஆறே முக்கால் மணி நேரமா?" என்று கேட்கத் தோன்றும்.

இறங்கும் நேரம் இறங்குகிற ஊரின் கடிகாரப்படி எழுதப்படுகிறது, அதுதான் காரணம். சூரியன் கிழக்கே முதலில் உதிக்கிறது. அதனால் சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். துபாய் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னே ஓடும். நமக்கு இரவு 9 மணி என்றால் துபாயில் 7.30, சிங்கப்பூரில் 11.30. போன் பேசும்போதும் இதை நினைவில் வையுங்கள், வேலை முடிந்து தூங்குகிறவரை எழுப்ப வேண்டாமே!

இந்த வித்தியாசத்தைக் கழித்த பிறகும் பயணம் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வந்தால், நடுவில் வேறு ஊரில் இறங்கி விமானம் மாற வேண்டியிருக்கும். பணம் கட்டும் முன்பே எந்த ஊரில், எத்தனை மணி நேரம் காத்திருக்கணும் என்று கேளுங்கள்.

பணம் பறிபோவது பெரும்பாலும் தேதிக் குழப்பத்தில்தான். டிக்கெட்டில் '15-ம் தேதி, 00.45' என்று இருந்தால், அது 14-ம் தேதி ராத்திரி படுத்து எழுவதற்குள் வரும் 12.45 மணி. விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். அதாவது 14-ம் தேதி இரவு 9.45-க்கே அங்கே நிற்கணும். வெளியூர்க்காரர்கள் அன்று காலையிலேயே கிளம்பணும். "டிக்கெட் பதினஞ்சுக்குத்தானே" என்று 15-ம் தேதி இரவு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். டிக்கெட் பணம் முழுசாகத் திரும்பாது. குழுக் கடனை மட்டும் கட்டித்தான் ஆகணும்.

அடுத்த கூட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். துபாயில் 20-ம் தேதி இரவு 11 மணிக்குக் கிளம்பும் விமானம் நாலு மணி நேரத்தில் சென்னை வருகிறது. அழைத்துவர வேனை எந்தத் தேதிக்குப் பேசணும்? விடை: 21-ம் தேதி அதிகாலை 4.30. வேன்காரரிடம் "20 ராத்திரி விடிஞ்சா 21" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.