சூலியா தெரு கற்பித்த அகப்பக்கப் பாடம்

வந்தவரை வரவேற்கும் கலை சூலியா தெருவுக்குப் புதிதன்று. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய பிறகு ஜார்ஜ் டவுனில் முதன்முதலாகப் போடப்பட்ட தெருக்களுள் இதுவும் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் 'சூலியர்' என அழைத்த வழக்கே தெருவின் பெயராக நிலைத்தது. நாகூர் தர்கா இத்தெருவில்தான் இருக்கிறது. 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. தங்கும் விடுதிகளும் நாணய மாற்றுக் கடைகளும் பழைய புத்தகக் கடைகளும் இங்கு அடுத்தடுத்து நிற்கின்றன.

என் தாய்மாமாவின் விடுதியும் இத்தெருவில்தான் உள்ளது. கீழே கடை, மேலே பன்னிரண்டு அறைகள். நான் கணினித் துறையில் இறுதியாண்டு படித்துக் கொண்டிருந்த 2019இல் அந்த விடுதிக்கு ஓர் அகப்பக்கம் அமைத்துக் கொடுத்தேன். அது எப்படித் தோற்றது, பிறகு எப்படித் திருந்தியது என்பதே இக்கட்டுரை. நம் மாணவர்களுள் பலர் நாளை இப்படியொரு வேலையைச் செய்யப் போகிறீர்கள். என் தவறுகள் உங்களுக்குப் பயன்படட்டும்.

என் முதல் அகப்பக்கம் பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. திறந்தவுடன் எட்டுப் பெரிய படங்கள் நகரும். வெண்பின்னணியில் பொன்னிற எழுத்துகள் மின்னும். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அதன் வழியாக அறை எடுத்தவர் மிகச் சிலரே. மற்றவர்கள் எல்லாரும் ஒரு முன்பதிவு நிறுவனத்தின் வழியாகவே வந்தார்கள். நூறு வெள்ளி வாடகையில் பதினைந்து வெள்ளியை அந்நிறுவனம் எடுத்துக் கொண்டது.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. நாட்டின் எல்லைகள் 2022 ஏப்ரல் முதல் நாள் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டபோது மாமாவின் சேமிப்பு கரைந்திருந்தது. "தம்பி, அந்தப் பதினைந்து வெள்ளி இப்ப எனக்கு லாபக் காசு இல்லடா. மேலே வேலை பார்க்கிற ரெண்டு பேருக்கும் கொடுக்க வேண்டிய சம்பளம்," என்றார். அன்று இரவே என் பழைய அகப்பக்கத்தை என் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்தேன். அது வரை அதை மடிக்கணினியில் மட்டுமே பார்த்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் பாடம்: காத்திருக்க வைக்காதீர்

அந்த எட்டுப் படங்களும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மெகாபைட். மொத்தம் 32 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். நொடிக்கு 2 மெகாபிட் வேகமே கிடைக்கும் இடத்தில் இவை முழுதும் வந்துசேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். படகுத்துறையில் பையோடு நின்றுகொண்டு அறை தேடுபவர் அவ்வளவு நேரம் காத்திருப்பாரா? படங்களைத் திரைக்கு ஏற்ற அளவுக்குச் சுருக்கி ஒவ்வொன்றையும் 150 கிலோபைட்டுக்குக் கொண்டுவந்தேன். அதே வேகத்தில் இப்போது ஐந்து நொடி போதும்.

பொன்னிற எழுத்தையும் மாற்றினேன். இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் அணுகல் நெறிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கின்றன. வெள்ளையின்மேல் பொன்னிறம் அதைத் தொடாது. வெயிலில் நின்று படிப்பவருக்கும் வயதான கண்களுக்கும் கருப்பே நலம்.

இரண்டாம் பாடம்: வருபவரின் கேள்விக்கு முதலில் விடை சொல்லுங்கள்

என் முகப்புப் பக்கம் விடுதியின் வரலாற்றோடு தொடங்கியது. வந்தவரோ மூன்றே கேள்விகளோடு வந்தார்: இடம் எங்கே, விலை என்ன, இன்றிரவு அறை உண்டா?

இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் 'சூலியா தெரு' என்று மட்டும் எழுதியிருந்தேன். தெருப் பலகையில் இருப்பதோ 'லெபு சூலியா'. கடற்பக்கம் போனால் 'காட் லெபு சூலியா' என்று இன்னொரு பகுதியும் உண்டு. அங்கே இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தவர்கள் பலர். இப்போது பலகையில் உள்ள பெயரும் வரைபடமும் எங்கள் வாசலின் படமும் முதல் திரையிலேயே இருக்கின்றன.

விலையிலும் தவறு செய்திருந்தேன். 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணிகள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி செலுத்த வேண்டும். பினாங்கு மாநிலத்தின் உள்ளூர்க் கட்டணம் 2014 முதல் தனியே உண்டு. இவற்றை நான் எங்கும் குறிப்பிடவில்லை. பணம் கட்டும் இடத்தில் திடீரென்று தொகை கூடினால், வந்தவர் வரியைக் குறை சொல்ல மாட்டார், மாமாவைத்தான் சந்தேகிப்பார். இப்போது மலேசியர் செலுத்தும் மொத்தம், வெளிநாட்டவர் செலுத்தும் மொத்தம் என இரண்டு வரிகளில் முழு விலையும் தெரிகிறது.

முன்பதிவுப் படிவத்தில் பதினான்கு கட்டங்கள் வைத்திருந்தேன். பிறந்த நாள்கூடக் கேட்டிருந்தேன். எதற்கென்று மாமா கேட்டபோது என்னிடம் விடை இல்லை. தேவையற்ற விவரத்தைச் சேர்ப்பது வருபவருக்குத் தொல்லை. அதைப் பாதுகாப்பது நமக்குச் சுமை. பெயர், தொலைபேசி எண், நாள், எத்தனை பேர் என்ற நான்கே இப்போது உள்ளன. வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் நேரே எழுதவும் ஒரு பொத்தான் இருக்கிறது.

மூன்றாம் பாடம்: குறையை மறைக்காதீர்

ஒரு தைப்பூசத்திற்கு ஜொகூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தண்ணீர்மலைக்குப் போக வந்தவர்கள். அவர்களோடு வந்த பாட்டி எங்கள் மரப்படிக்கட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பழைய கடைவீட்டுப் படி, செங்குத்தாக ஏறும், மின்தூக்கி கிடையாது. "மேலதான் அறைன்னு சொல்லியிருந்தா நாங்க வேற இடம் பார்த்திருப்போமே ஐயா," என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எங்களை அதிகம் வருத்தியது. மாமா பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பக்கத்தில் கீழ்த்தள அறை உள்ள விடுதிக்கு அவர்களைத் தாமே அழைத்துப் போனார்.

அன்றே படிக்கட்டைப் படம் எடுத்து அகப்பக்கத்தில் போட்டேன். 'மின்தூக்கி இல்லை, 22 படிகள்' என்றும் எழுதினேன். வாடிக்கையாளர் குறைவார்களே என்று மாமா தயங்கினார். படியைப் பார்த்து வராமல் போனவர்கள் எத்தனை பேரோ தெரியாது. படியைப் பார்த்து முகம் சுளித்தவர் அதற்குப் பிறகு எவரும் இல்லை.

அந்தக் குடும்பத்தால்தான் தமிழ்ப் பக்கமும் உருவானது. முன்பு தமிழ் வரவேற்பு வாசகத்தை ஒரு படமாக ஒட்டியிருந்தேன். படத்தில் உள்ள எழுத்தைத் தேடுபொறி எழுத்தாகப் படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானும் அப்படியே. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. படமாக ஒட்டியது என் சோம்பல், அவ்வளவுதான்.

நான்காம் பாடம்: ஐந்து பேரை உட்கார வையுங்கள்

பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஐந்து பேரிடம் சோதித்தாலே ஒரு தளத்தின் குறைகளில் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும், பலரை ஒரே முறை சோதிப்பதைவிடச் சிலரைப் பலமுறை சோதிப்பதே நன்று. நான் அதையே செய்தேன். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர், ஒரு கல்லூரி மாணவி, இரண்டு பயணிகள், மாமா. ஒவ்வொருவரிடமும் கைத்தொலைபேசியைக் கொடுத்து, "நாளை இரவுக்கு இருவருக்கு அறை எடுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கடினம். ஆசிரியர் ஒரு படத்தைப் பொத்தான் என்று எண்ணித் திரும்பத் திரும்ப அழுத்தினார். மாமா, தம் சொந்த விடுதியின் தொலைபேசி எண்ணைத் தேடித் திணறினார். விளக்கம் சொல்ல என் நாக்கு துடித்தது. ஆனால் முகம் தெரியாத வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் விளக்கப் போவதில்லையே!

அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. முன்பதிவு நிறுவனத்தை மாமா இன்னும் விடவில்லை. புதியவர் பலர் அதன் வழியாகத்தான் வருகிறார்கள். ஆனால் ஒருமுறை தங்கியவர்கள் அடுத்த முறை எங்கள் அகப்பக்கத்திற்கே வருகிறார்கள். மேலே வேலை பார்க்கும் இருவரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் மாமாவைப் போன்ற கடைக்காரர் ஒருவர் இருப்பார். அவருக்கு அகப்பக்கம் அமைக்க முன்வந்தால், கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு பிற்பகல் அவர் கடை வாசலில், அந்த அஞ்சடியில் உட்காருங்கள். உள்ளே வருபவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் முகப்புப் பக்கத்தை அந்தத் தாளிலிருந்து தொடங்குங்கள்.