எல்லையைக் கடக்கும் தொடர்வண்டி

துருக்கி நாட்டின் இசுதான்புல் நகரில், கடலடிச் சுரங்கத்தின் வழியே ஒரு தொடர்வண்டி ஆசியாவிலிருந்து ஐரோப்பாவிற்குச் செல்கிறது. 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாதையில் சில நிமிடங்களில் கண்டமே மாறிவிடும். ஆனால் மொழி மாறுவதில்லை. இரு கரைகளிலும் நிலையப் பெயர்ப்பலகைகள் துருக்கி மொழியிலேயே உள்ளன.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் வண்டியிலோ நிலைமை வேறு. இடையில் கடல் இல்லை. தென்னையும் வாழையும் ரப்பரும் வழிநெடுகத் தொடர்கின்றன. குழித்துறைப் பலகையில் தமிழ் எழுத்து. சற்று நேரத்தில் பாறசாலைப் பலகையில் மலையாள எழுத்து. எல்லை எங்கே என்று சன்னலோரப் பயணி தேடுவதற்குள் வண்டி அதனைக் கடந்துவிடுகிறது.

அந்த எல்லைக்கு வயது அதிகமில்லை. முன்பு இருபுறமும் திருவிதாங்கூர் ஆட்சியில் ஒன்றாக இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. நெய்யாற்றின்கரை வட்டத்தையும் சேர்க்க வேண்டுமென்று தமிழர் கேட்டனர். அது கேரளத்திலேயே நின்றது. வேலை தேடி வெளியூர் சென்றவர்கள் எல்லையைத் தாண்டிப் போனார்கள். இங்கோ, மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை அவர்களைத் தேடி வந்தது! இருப்புப்பாதை வந்தது அதற்கும் பிறகு, 1979இல்தான்.

சொற்கள் மட்டும் எல்லைக்கு அடங்கவில்லை. 'நெய்யாற்றின்கரை' என்னும் பெயருக்குப் பொருள் காணத் தமிழ் மாணவருக்கு அகராதி வேண்டுவதில்லை. மலையாள மாணவருக்கும் வேண்டுவதில்லை. பாறசாலையில் இறங்கித் தென்மேற்கே கடற்கரைக்குச் சென்றால் பொழியூர் என்னும் மீனவர் ஊர் உள்ளது. ஆறு கடலில் கலக்கும் முகத்தை அப்பகுதியில் 'பொழி' என்பர். நெய்யாறு கடலில் கலக்கும் இடமும் அருகில்தான். அடுத்த ஊரான நீரோடி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. இரண்டு ஊர் வலைகளும் ஒரே கடலில் விழுகின்றன. மீனவர் பேச்சில் இரு மொழிகளும் கலந்து ஒலிக்கின்றன. தமிழுக்கே உரியது என்று பலர் பெருமை கொள்ளும் ழகரத்தை மலையாளமும் காத்து வருகிறது என்பதற்குப் 'பொழி' என்னும் சொல்லே சான்று.

நெய்யாற்றின்கரையை அடுத்து வரும் நிலையம் பாலராமபுரம். கைத்தறி ஆடைக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் முதலில் தறி அமைத்தவர்கள், திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்கள்.

வண்டி திருவனந்தபுரத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டு அரசு விழாக்களில் 1970 முதல் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்தை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை இந்நகரில்தான் கல்லூரிப் பேராசிரியராகப் பணியாற்றினார். அவர் 1855இல் பிறந்த ஊர் இன்னும் வடக்கே உள்ள ஆலப்புழை. வாழ்த்துப் பாடல் இடம்பெற்ற 'மனோன்மணீயம்' நாடகம் 1891இல் வெளிவந்தது.

அருஞ்சொற்பொருள்: வட்டம் – தாலுகா, இருப்புப்பாதை – இரயில் பாதை, சாலியர் – நெசவுத் தொழில் செய்யும் மரபினர்.

பயிற்சி: உம் வீட்டுத் தமிழிலும் நீர் வாழும் ஊரின் மொழியிலும் ஒன்றுபோல வழங்கும் மூன்று சொற்களைக் கண்டறிந்து எழுதுக.