நேராக இருக்கிறதா? எதற்கு நேராக?



‘எலைன்மென்ட்’ என்ற சொல் நம் எல்லோருக்கும் பழக்கமானது. வாகனம் வைத்திருப்பவர் சக்கரத்துக்கு அதைச் சொல்கிறார். வீதி போடுபவர் வீதி செல்லும் வழிக்குச் சொல்கிறார். அச்சகத்தில் எழுத்து வரிசைக்கும் அதே சொல்தான். தமிழில் நாம் இடத்துக்கு ஏற்ப நேர், மட்டம், வரிசை, சீர், பொருத்தம் என்று பிரித்துச் சொல்கிறோம். இத்தனை அர்த்தங்களுக்கும் அடியில் ஒரே விடயம்தான் இருக்கிறது. அதை விளங்கிக்கொண்டால் டயர் செலவு முதல் செக் திரும்புவது வரை பல நஷ்டங்களைத் தவிர்க்கலாம்.

தண்டவாளம் தரும் பாடம்

பரந்தன் வழியாகச் செல்லும் வடக்குப் புகையிரதப் பாதையையே எடுத்துக்கொள்வோம். 1990இல் யுத்தம் காரணமாக வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. பின்னர் தண்டவாளங்களே இல்லாமற் போயின. யுத்தம் முடிந்த பிறகு இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்ப அமைத்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டும் வந்தது.

நமது நாட்டின் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான தூரம் ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீற்றர். வளைவில் எந்தத் தண்டவாளமும் நேராக இல்லை. ஆனாலும் புகையிரதம் தடம் புரளாமல் போகிறது. ஏனென்றால் வளையும்போது இரண்டும் சேர்ந்தே வளைகின்றன. ஆகவே எலைன்மென்ட் என்பது ஒரு பொருள் தனியாக நேராக இருப்பதல்ல. அது இன்னொன்றோடு பொருந்தி நிற்பது. “நேராக இருக்கிறதா?” என்று கேட்பதற்கு முன், “எதற்கு நேராக?” என்று கேட்க வேண்டும்.

பள்ளிவாசலில் ஸப்பில் நிற்கும்போதும் இதைக் காணலாம். தரையில் கோடு இருந்தால் எல்லோரும் கோட்டைப் பார்த்து நிற்கிறோம், ஸப்பு நேராகிறது. கோடு இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் பக்கத்தவரை மட்டும் பார்த்தால், ஆளுக்கு ஓர் அங்குலம் விலகினாலும் பன்னிரண்டு பேருக்கு அப்பால் ஓர் அடி விலகிவிடும். யாரும் பெரிய பிழை விடவில்லை; ஆனால் வரிசை கோணிவிட்டது.

கட்டடமும் கடையும்

மேசன்மாரும் ஓடாவிமாரும் நூல் கட்டி வேலை செய்வது இதற்காகத்தான். நல்ல மேசன் ஒவ்வொரு கல்லையும் முந்திய கல்லைப் பார்த்து வைப்பதில்லை. நூலைப் பார்த்து வைக்கிறார். தரைக்கு டைல்ஸ் பதிக்கும்போது ஒவ்வொன்றிலும் 2 மில்லிமீற்றர் விலகினால் முப்பதாவது டைல்ஸில் 6 சென்ரிமீற்றர் விலகியிருக்கும். அத்திவாரத்தில் 1 பாகை பிசகினால் 100 அடி தள்ளிப் போகும்போது ஏறக்குறைய 21 அங்குலம் தவறும். காணி எல்லையில் 21 அங்குலம் என்பது ஒரு வழக்குக்குப் போதுமானது!

கடை கட்டுபவர்கள் மூலை சரியா என்று தாமே பார்க்கலாம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியிலும் மற்றச் சுவரில் 4 அடியிலும் குறியிடுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை சரி. பெரிய கட்டடத்துக்கு 6, 8, 10 அடி என்று அளந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

நிறுக்கும் தராசையும் கவனியுங்கள். பல மின்னணுத் தராசுகளில் சிறிய நீர்க்குமிழி ஒன்று இருக்கும். அது வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். முத்திரை குத்திய தராசாக இருந்தாலும் சரிந்த மேசையில் வைத்தால் நிறை பிழைக்கும். அளவை நிறுவையில் குறைப்போரை எச்சரிக்கும் ‘அல்முதஃப்பிஃபீன்’ என்ற அத்தியாயம் குர்ஆனில் இருப்பதை அறிந்த நாம், காலையில் கடை திறந்ததும் அந்தக் குமிழியை ஒருமுறை பார்ப்பது நல்லது.

டயர் பேசும்

முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு வாகனம் செய்தவர்கள் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள டயர்களில் அந்த அளவு மொத்தமாக 3 மில்லிமீற்றர் மாறினால் என்ன நடக்கும்? ஒவ்வொரு சக்கரமும் ஆயிரத்துக்கு இரண்டரை என்ற கணக்கில் பக்கவாட்டில் இழுபடும். 100 கிலோமீற்றர் ஓடினால் 250 மீற்றர் தூரம் டயரைத் தரையில் தேய்த்ததற்குச் சமம். ஏ9 வீதியில் நாள்தோறும் சரக்கு ஏற்றுபவர்கள் இந்தக் கணக்கை மறக்கக்கூடாது.

டயரைப் பார்த்தே பல விடயங்களை அறியலாம். உள்ளங்கையால் குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் அரம் போலவும் இருந்தால் சக்கரங்களின் நேர் பிழை. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் சக்கரத்தின் சாய்வு பிழை. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று கூட. இரு விளிம்பும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பெலன்சிங். அது எலைன்மென்ட் அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் ஒன்றுக்காக மற்றதற்குப் பணம் கொடுப்பவர்களை நான் அடிக்கடி காண்கிறேன்.

படமும் ஒரு விளம்பரம்தான்

இப்போது சரக்கின் படத்தைத் தொலைபேசியில் அனுப்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. ஆனையிறவு நீரேரியைச் சரித்து எடுத்த படத்தைப் பார்த்தால் தண்ணீர் ஒரு பக்கம் கொட்டிவிடும் போலத் தோன்றும். நீர்மட்டம் சரியாது என்று நம் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் படம் உறுத்துகிறது. கடை முகப்பை எடுக்கும்போது தொலைபேசியை மேல்நோக்கிச் சரித்தால் கட்டடம் பின்னால் சாய்ந்து விழுவது போல வரும். சரிக்காமல் நேராகப் பிடித்து, பின்னால் தள்ளி நின்று எடுங்கள். சாரம், டைல்ஸ், பில் போன்றவற்றை எடுக்கும்போது தொலைபேசி அந்தப் பொருளுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். கமராவில் கட்டக் கோடுகள் தெரியும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் அதுவே உங்கள் நூல்.

கணக்கில் ஓர் இடம் தவறினால்

கணக்குப் புத்தகத்தில் ஒன்றுக்குக் கீழே ஒன்று, பத்துக்குக் கீழே பத்து வர வேண்டும். 1,250 ஓர் இடம் தள்ளினால் 12,500 ஆகிவிடும். கூட்டுத்தொகை பிசகினால் வித்தியாசத்தை 9ஆல் பிரித்துப் பாருங்கள். மீதியின்றிப் பிரிந்தால், இலக்கம் இடம் மாறியோ தள்ளியோ எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். 5,400 என்பதை 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. மேலே சொன்ன உதாரணத்தில் 11,250. இரண்டும் 9ஆல் பிரியும்.

திகதிகள் பொருந்த வேண்டும்

கடைசியாகச் சொல்வதுதான் நமது பகுதியில் அதிகமான கடைகளைச் சாய்ப்பது. இங்கே வியாபாரம் வயலை நம்பியது. பெரும்போகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் விதைத்தால் பணம் கைக்கு வர பெப்ரவரி, மார்ச் ஆகும். ஆனால் கொழும்பிலிருந்து 5 இலட்சம் ரூபா சரக்கை நவம்பர் தொடக்கத்தில் எடுத்து 60 நாள் செக் கொடுத்தால், ஜனவரியில் அது வங்கிக்குப் போய்விடும். சரக்கு விற்றுவிட்டது, இலாபமும் இருக்கிறது. ஆனால் வங்கியில் பணம் இல்லை. செக் திரும்புகிறது. நாணயம் போகிறது. சிலர் வட்டிக்கு ஓடுகிறார்கள். நன்றாக விற்பனை நடந்த கடை ஒன்று இப்படியே மூடப்பட்டதை நான் கண்டிருக்கிறேன்.

இங்கே நமது நூல், செக்கில் எழுதிய திகதி. எல்லாவற்றையும் அதிலிருந்தே அளக்க வேண்டும். கைமுதல் எவ்வளவோ அதற்குள் மட்டும் அறுவடைக் கடன் கொடுங்கள். சரக்கு எடுக்கும்போதே ஒரு பகுதிக்கு மார்ச் திகதி கேட்டுப் பேசுங்கள். செக் கொடுத்த பிறகு கெஞ்சுவதை விட அது கண்ணியமானது. கையோடு பணம் தரும் வாடிக்கையாளருக்குச் சிறிது விலை குறையுங்கள். பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு கடன் கொடுக்கிறார் என்று பார்த்து நாமும் கொடுப்பது, கோடு இல்லாத ஸப்பில் நிற்பது போலத்தான்.

இந்த வாரம் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் பணம் கொடுக்க வேண்டிய திகதிகள், மறுபக்கம் வர வேண்டிய திகதிகள். இரண்டு பக்கமும் எந்த மாதத்தில் பொருந்தவில்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்த சரக்குக்கு ஓடர் கொடுப்பதற்கு முன் அந்தத் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.