கணிப்பொறிக் கணக்கும் ஆபத்துக்கால ஏற்பாடும்

அங்கத்தினர்களின் பங்குத் தொகை, நூல் கடன், பயிர்க் கடன், கொள்முதல் பாக்கி ஆகிய யாவும் முன்னாளில் பேரேடுகளில் எழுதப்பெற்றன; இன்று கணிப்பொறியில் பதிவாகின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்திற்கு 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பேரேடு நனைந்தால் உலர்த்திப் படிக்கலாம். கணிப்பொறியின் தட்டு பழுதானாலோ ஓர் எழுத்தும் மிஞ்சாமற் போகலாம். ஆகவே, கணக்கை மீட்கும் வழியை ஆபத்து நேருமுன்பே வகுத்துக்கொள்ளுதல் நம் கடமையாகும்.

இரண்டு நிகழ்ச்சிகளை இங்கு ஆராய்வோம். பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று 2021 மார்ச் 10-ஆம் நாள் தீக்கிரையாயிற்று. மூலத்தையும் பிரதியையும் அவ்வொரே இடத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். பிரதி இருந்தும் பயனில்லை. அது வேறிடத்தில் இருந்திருத்தல் வேண்டும்.

2017 ஜனவரி 31-ஆம் நாள், கிட்லேப் என்னும் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறான கணிப்பொறியில் தரவுகளை அழித்துவிட்டார். பிரதியெடுக்கும் முறைகள் பல இருந்தும் தேவைப்பட்டபோது அவை கைகொடுக்கவில்லை. நாள்தோறும் நடைபெற வேண்டிய பிரதியெடுப்பு நின்றுபோயிருந்ததை எவரும் அறிந்திலர். வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன்னர் எடுத்த பிரதி ஒன்றே காப்பாற்றியது. சோதித்துப் பாராத பிரதியை நம்பலாகாது என்பது இதன் பாடம்.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? முதற்கண் நிர்வாக சபையார் இரண்டு கேள்விகளுக்கு விடை காணவேண்டும். எத்தனை மணி நேரப் பதிவுகளை இழந்தால் மீண்டும் எழுதிக்கொள்ள இயலும்? எத்தனை நாட்களுக்குள் பட்டுவாடாவைத் தொடங்கியாக வேண்டும்? முதல் விடை பிரதியெடுக்கும் காலத்தையும், இரண்டாவது விடை மாற்றுக் கருவியின் தேவையையும் காட்டும்.

அடுத்து, மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்றேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும். ஒரு பிரதி கணிப்பொறியோடு இணைக்கப்படாமல் தனித்திருப்பது நன்று. தரவுகளைப் பூட்டிப் பணம் பறிப்போரின் கைக்கு அது எட்டாது. மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் பிரதியை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, இருப்புத் தொகை ஒத்துவருகிறதா என்று பார்த்தல் வேண்டும். மீட்கும் முறையையும் பொறுப்பாளர் பெயர்களையும் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைத்தல் நலம். கணிப்பொறி நின்றபின் அதனுள் இருக்கும் குறிப்பு எவருக்கும் உதவாது. அந்நாட்களில் வரவு செலவை எழுத அச்சிட்ட ரசீதுப் புத்தகங்களும் கையிருப்பில் இருக்கட்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. கணக்கு அழிந்தால், தவணை கட்டிய நெசவாளர் அதனை மெய்ப்பிக்க இயலாது அல்லற்படுவார். எனவே, அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்களாகிய நாம் ஒரு கேள்வியைத் தவறாது கேட்போமாக: நம் சங்கத்தின் கணக்குப் பிரதி எங்கே உள்ளது, அதனைக் கடைசியாகச் சோதித்த நாள் எது?