கைக்குழந்தையின் உறக்கமும் விழிப்பும்

இரவில் பலமுறை விழித்து அழும் கைக்குழந்தையைக் கண்டு சலிப்படையாத தாய் இல்லை. விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய தோட்டத் தாய்மார்களுக்கு இச்சலிப்பு இன்னும் மிகுதி. "போட்ட இடத்தில் கிடந்து உறங்கும் பிள்ளை" என்று அண்டை வீட்டுக் குழந்தையைப் புகழ்வதும் நம்மிடையே வழக்கமே. ஆயினும், எளிதில் விழித்துக்கொள்ளும் இயல்பே குழந்தையின் உயிர்க்காவல் என்பதை மருத்துவ ஆராய்ச்சிகள் தெளிவுபடுத்தியுள்ளன.

நலமாக இருந்த குழந்தை ஒரு வயதிற்குள் உறக்கத்திலேயே இறந்துபோவதும், பிரேதப் பரிசோதனையிலும் காரணம் புலப்படாமற் போவதும் உண்டு. இதற்குத் 'திடீர்க் குழந்தை மரணம்' என்னும் பொருள்படும் பெயர் 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடைபெற்ற மாநாட்டில் சூட்டப்பெற்றது. இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தைகளிடையே இது மிகுதி. பத்தில் ஒன்பது மரணங்கள் ஆறு மாதத்திற்குள் நிகழ்கின்றன.

பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழப் பாதி அசைவுறக்கமாகும். இமைக்குள் விழி உருளும், கைகால் துடிக்கும், முகம் சுளிக்கும். மற்றது அமைதியுறக்கம். அப்போது மூச்சு சீராக இருக்கும், எழுப்புவதும் கடினம். துணியில் முகம் புதைந்து, விட்ட மூச்சையே குழந்தை திரும்ப இழுக்க நேர்ந்தால், இரத்தத்தில் கரியமில வாயு பெருகும். மூளைத்தண்டு இதனை உணர்ந்தவுடன் குழந்தை முதலில் பெருமூச்சு விடும், பின்னர்த் திடுக்கிடும், உடலை உதறித் தலையைத் திருப்பும், அழும். இவ்வரிசை நடுவில் அறுபடுமானால் ஆபத்து. இவ்வாறு இறந்த குழந்தைகள் பலவற்றின் மூளைத்தண்டில், விழிப்பை ஏவும் செரட்டோனின் என்னும் இரசாயனத்தில் குறைபாடு இருந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர்.

குப்புறப் படுத்த குழந்தையை எழுப்ப அதிகத் தூண்டுதல் தேவைப்படுகிறது. குழந்தைகளை மல்லாத்திக் கிடத்தும் வழக்கமுள்ள ஹாங்காங்கில் இம்மரணம் அரிது என 1985-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவில் 1994-இல் மல்லாத்திக் கிடத்தும் இயக்கம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டிற்குள் அங்கு இம்மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

இதில் ஆயாக்களும் பாட்டிமார்களும் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வீட்டில் மல்லாந்து உறங்கிப் பழகிய குழந்தையை வேறொருவர் குப்புறக் கிடத்தினால் ஆபத்து பன்மடங்காகிறது. ஆகவே, பால்வெட்டுக்குச் செல்லுமுன் குழந்தையை ஒப்படைக்கும் தாய், அது உறங்கும் விதத்தையும் சொல்லிச் செல்லுதல் வேண்டும்.

சிலிம் ரிவர் வட்டாரத்தில் இரப்பர் மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டன. சேலைத் தொட்டில் மட்டும் மாறவில்லை. அழும் குழந்தையை அமர்த்த அதற்கு நிகர் ஏது! ஆனால், தொய்ந்த துணியில் சின்னஞ்சிறு குழந்தையின் தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுவழி குறுகும். துணியும் முகத்தை மூடக்கூடும். உறங்கியபின் தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாத்திக் கிடத்துவதே நன்று. அருகில் தலையணை வேண்டாம். நமது வெப்பத்தில் தொப்பியும் கம்பளியும் தேவையில்லை; உடற்சூடு மிகுந்தாலும் விழிப்பாற்றல் மங்கும். கருவுற்ற காலத்திலும் பின்னரும் குழந்தையை அடையும் சிகரெட்டுப் புகையும் அவ்வாறே. சம்சு அருந்தியவர் அருகில் குழந்தையைப் படுக்கவைப்பது மிகக் கொடிது. தாய்ப்பாலோ ஆபத்தைக் குறைக்கிறது.

மல்லாந்து படுத்தால் கக்கிய பால் புரையேறாதா எனப் பாட்டிமார் அஞ்சுவர். அந்நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. பால் மேல்நோக்கி ஏறி மூச்சுக்குழலை அடைதல் எளிதன்று. பின்தலை தட்டையாகுமே என்று கவலைப்படுவோர், குழந்தை விழித்திருக்கையில் கண்ணெதிரே சிறிது நேரம் குப்புற விட்டு விளையாட்டுக் காட்டலாம், கழுத்தும் வலுப்பெறும்.