லட்சம் தாண்டிய கார்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மாத்தளையில் பாவித்த கார் பார்க்கப் போகிறவர் தனியாகப் போவதில்லை. மாமா ஒருவர் வருவார், வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர் வருவார், கராஜில் தெரிந்த பாஸ் ஒருவரையும் வழியில் ஏற்றிக்கொள்வார்கள். கதவு திறந்ததும் எல்லாத் தலையும் ஒரே இடத்துக்குத்தான் குனியும். "ஒன்று அறுபது ஓடியிருக்கு தம்பி, வேண்டாம்." பார்க்க வந்த வேலை அத்தோடு முடிந்துவிடும்.

அப்படி எழும்பிப் போய்க்கொண்டே இருந்தால் இப்போதைக்குக் கார் வாங்க முடியாது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடையில் ஏறக்குறைய 5 வருடம் வரத்து இல்லை. வழி திறந்த பிறகும் வரி சேர்ந்த விலை சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில். ஆகவே நம் கைக்குக் கிட்ட நிற்பவை பெரும்பாலும் 10 வயது தாண்டிய அக்சியோ, அலியன், அக்வா, வேகன் ஆர் போன்றவைதான். அவை லட்சம் தாண்டியிருப்பது வழமை. தாண்டாதிருந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

நம்பிக்கை 1: ஒரு லட்சம் தாண்டினால் எஞ்சின் முடிந்தது.

உண்மை: பழைய கார்கள் பலவற்றின் மீற்றரில் ஐந்து இலக்கம்தான். 99,999 முடிந்ததும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். அந்தக் காலத்துப் பயம்தான் இன்னும் நம்மோடு ஓடிவருகிறது. அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்த இர்வ் கோர்டன், 1966இல் வாங்கிய ஒரே வொல்வோ காரை 2013இல் 30 லட்சம் மைல் தாண்ட வைத்தார். நேரத்துக்கு எண்ணெய் மாற்றியதும் சின்னப் பழுதைத் தள்ளிப்போடாததும்தான் அவர் செய்த பெரிய வேலை.

எஞ்சினுக்குத் தேய்மானம் கூடுவது குளிர்ந்து கிடந்து ஸ்டார்ட் பண்ணும் வேளையில். மாத்தளையிலிருந்து கண்டிக்கு 26 கிலோமீற்றர் ஒரே மூச்சில் ஓடிய கார், பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்குமாக இரண்டிரண்டு கிலோமீற்றர் ஓடி அணைந்த காரைவிட ஆரோக்கியமாக இருக்கலாம். ஆகவே கார் பார்க்கப் போகும்போது, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனதும் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எழும்போது நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் மூடியின் அடியில் பால் போலப் படிந்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கக்கூடும்.

நம்பிக்கை 2: மீற்றரில் குறைவாக இருந்தால் நல்ல வாகனம்.

உண்மை: ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கண்டிக்கு வேலைக்குப் போய்வர நாளுக்கு 52 கிலோமீற்றர். வருடத்தில் 250 நாள் என்றால் 13,000. பத்து வருடத்தில் 130,000. இப்படி ஓடிய 2014 கார் ஒன்று 65,000 காட்டினால், மீதிப் பாதி எங்கே போனது? டிஜிட்டல் மீற்றரைக் குறைக்க ஒரு மடிக்கணினி போதும். ஜப்பான் ஏலத் தாளைக் காட்டினாலும், அது ஏலம் நடந்த நாள்வரைக்கும்தான் சாட்சி. இலங்கையில் ஓடிய தூரம் அதில் இல்லை.

மீற்றர் இலக்கத்தை மாற்றலாம், தேய்மானத்தை மறைப்பது கஷ்டம். பிரேக் பெடல் ரப்பரின் கோடுகள் மழுங்கி, ஸ்டியரிங் வளையம் பளபளத்து, சாரதி இருக்கையின் கதவோர விளிம்பு நசிந்திருக்கும் காருக்கு 65,000 பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பூ நிறைய இருந்தாலும் வயதான டயர் மழையில் பிடிக்காது.

நம்பிக்கை 3: கொழும்புக் கார் சுகமாக ஓடியது, மலைநாட்டுக் கார் அடிபட்டது.

உண்மை: கொழும்பு நெரிசலில் நின்றுகொண்டே எஞ்சின் ஓடும், மீற்றர் ஓடாது. நம் பக்கத்துக் காருக்கு வேறு நோய். ஏற்றத்தில் குளிரூட்டும் முறையும் கியர் பொக்ஸும் சூடாகும், இறக்கத்தில் பிரேக் தேயும், தோட்டத்து வழிகளில் புஷ்கள் ஆடும். எந்த ஊர்க் கார் என்பதைவிட, நம் வழியில் அது எப்படி ஏறுகிறது என்பதே கேள்வி.

அதற்கு மாத்தளைக்காரருக்கு நல்ல பரிசோதனைக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. நான்கு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, இரத்தோட்டை தாண்டி றிவர்ஸ்டன் பக்கம் ஏறிப் பாருங்கள். புறப்படும்போது கார் உதறினால் சி.வி.டி. கியர் பொக்ஸைச் சந்தேகியுங்கள். "அந்த எண்ணெய் ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை" என்பதும் ஒரு கட்டுக்கதைதான். பல கார்களில் வெப்பமானி முள் இல்லை, விளக்கு மட்டுமே. சிவப்பு எரியும்போது பிந்திவிடும் என்பதால், ஸ்கேனர் வைத்திருக்கும் பாஸைக் கூட்டிப்போவது நல்லது. இறங்கும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா, கருகிய வாசம் வருகிறதா என்று கவனியுங்கள்.

நம்பிக்கை 4: ஹைப்ரிட் பழசானால் பற்றரி போய்விடும், தொடவே கூடாது.

உண்மை: கிலோமீற்றரைவிட வெப்பமும் வயதும்தான் ஹைப்ரிட் பற்றரியின் எதிரி. அக்வா, பிரியஸ் போன்றவற்றில் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கைக்குப் பக்கத்திலுள்ள துவாரத்தால் உள்ளே போகிறது. சீட் கவரோ புத்தகப் பையோ அதை மூடிக் கிடந்திருக்கலாம், தூசி அடைத்திருக்கலாம். அந்தத் துவாரத்தைப் பார்த்துவிட்டு ஸ்கேனரில் பற்றரிப் பகுதிகளின் மின்னழுத்தத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு பகுதி மட்டும் தாழ்ந்து கிடந்தால் பற்றரிச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

நம்பிக்கை 5: புகைச் சான்றிதழ் இருக்கிறது, வாகனம் சரி.

உண்மை: வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடாவருடம் கேட்கும் அந்தச் சான்றிதழ் புகையைப் பற்றி மட்டுமே பேசும். பிரேக், ஸ்டியரிங், டயர் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

நம்பிக்கை 6: ஓப்பன் பேப்பர்தானே, பெயரைப் பிறகு மாற்றலாம்.

உண்மை: மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் நிற்பது பழையவர் பெயர்தான். அவர் வெளிநாடு போனாலோ காலமானாலோ கையெழுத்துக்காக நீங்கள் அலைய வேண்டும். பதிவுச் சான்றிதழில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரிலேயே வாசித்து ஒத்துப்பாருங்கள்.

நம்பிக்கை 7: வாகனத்தில் போட்ட காசு நட்டப்படாது.

உண்மை: இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றவர்கள் உண்டு. அது தட்டுப்பாடு கொடுத்த விலை, காரின் தகுதி அல்ல. குடும்பத்துக்கு வாங்கும் காரை நகை போல நினைக்காமல், கையிலுள்ள பணத்தில் ஒரு பங்கை முதல் சேர்விஸுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குள் விலை பேசுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் இரண்டு கார் மிஞ்சலாம். ஒன்று 160,000 ஓடியது. அதன் சேர்விஸ் பில்கள் எண்ணெய்க் கறையோடு ஒரு பையில் இருக்கின்றன. மற்றது 70,000 காட்டுகிறது. பில் கேட்டால், "அதெல்லாம் எங்க அண்ணே வச்சிருக்கிறது?" என்கிறார் விற்பவர். மாமா இரண்டாவது காரின் பக்கம் சாய்வார். அவர் கையில் அந்தப் பையைக் கொடுத்து, திகதி வாரியாக அடுக்கச் சொல்லுங்கள்.